யாரால், யாருக்கு, யார்? ஆங்கிலக் கடிதத்தில் செயப்பாட்டு வினை

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஐ ஹேவ் செலெக்டட் ஃபோர் த டிரெய்னிங்.’ பயிற்சிக்கு நான் தெரிவுசெய்யப்பட்டுள்ளேன் என்று சொல்லத்தான் அந்தப் பிள்ளை நினைத்தது. கொழும்பில் இருந்து அதை வாசிக்கிற முகாமையாளருக்கோ ‘நான் தெரிவுசெய்துள்ளேன்’ என்று படுகிறது. ‘ஐ ஹேவ் அப்பொயின்டட் ஏஸ் எ டீச்சர்’ என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம். நியமனம் பெற்றவர் நியமனம் கொடுத்தவராகிவிடுகிறார். இரண்டிலும் தவறிப்போனது ‘பீன்’ என்ற ஒரேயொரு சொல். ‘ஐ ஹேவ் பீன் செலெக்டட்’, ‘ஐ ஹேவ் பீன் அப்பொயின்டட்’ என்று எழுதியிருந்தால் கடிதம் நேராக நின்றிருக்கும்.

செங்கலடியிலிருந்து வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, சந்திவெளி, கிரான் என்று பிரதான வீதியை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் சித்தாண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்ரோபரில் முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே படித்து வெளியேறுகிறவர்கள் தொண்டு நிறுவனம், வங்கி, காப்புறுதி, பாசிக்குடா ஹோட்டல்கள், பிரதேச செயலகம் என்று பல பக்கமும் போகிறார்கள்.

பிரதேச செயலகத்துக் கோவைகளைத் தமிழிலேயே நடத்தலாம். கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆகவே தமிழில் எழுத உரிமையுள்ள இடத்தில் தமிழிலேயே எழுதுங்கள்; என் முதல் ஆலோசனை அதுதான். கோவை ஊரைத் தாண்டும்போதுதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது: கொழும்புத் தலைமையகம், நிதி தரும் வெளிநாட்டு நிறுவனம், ஆய்வுச் சஞ்சிகை, கடல் கடந்த வேலை. அங்கெல்லாம் எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது.

வர்த்தமானியே வாத்தியார்

செயப்பாட்டு வினை, அதாவது பசிவ் வொய்ஸ் என்றதும் பலருக்கு நினைவு வருவது, ஒரு வசனத்தைத் தந்து அதைத் திருப்பிப் போடச் சொன்ன வகுப்பறைப் பயிற்சி. அந்தப் பயிற்சியை மறந்துவிடலாம். அலுவலகத்தில் யாரும் செய்வினையில் ஒரு வசனத்தை எழுதிவிட்டுப் பிறகு திருப்புவதில்லை. உங்களுக்கு இந்த வடிவம் வேறொரு வழியில் ஏற்கனவே தெரியும். அரச வேலை தேடும் எவரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் புரட்டாமல் இருப்பதில்லை. அதில் என்ன எழுதியிருக்கும்? விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. முழுமையற்ற விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். சான்றிதழ்களின் பிரதிகள் இணைக்கப்பட வேண்டும். முடிவுத் திகதி நீடிக்கப்பட்டுள்ளது.

அந்தப் ‘படு’வைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘படு’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘பீ’ என்ற துணைவினை செய்கிறது. கோரப்படுகின்றன என்றால் ‘ஆர் இன்வைட்டட்’. கோரப்பட்டன என்றால் ‘வேர் இன்வைட்டட்’. நிராகரிக்கப்படும் என்பது ‘வில் பீ ரிஜெக்டட்’, நிராகரிக்கப்படலாம் என்பது ‘மே பீ ரிஜெக்டட்’. இணைக்கப்பட வேண்டும்: ‘மஸ்ட் பீ அட்டாச்ட்’. நீடிக்கப்பட்டுள்ளது: ‘ஹேஸ் பீன் எக்ஸ்டென்டட்’. பரிசீலிக்கப்பட்டு வருகின்றன: ‘ஆர் பீயிங் கன்சிடர்ட்’. காலம், எண், இயலுமை, கட்டாயம் எல்லாமே ‘படு’வின் வாலில் மாறுகின்றன, ஆங்கிலத்தில் அந்த மாற்றமெல்லாம் ‘பீ’யிலும் அதற்கு முன்னால் வரும் சொல்லிலும் நடக்கும். முதன்மை வினை மட்டும் அசையாமல் தன் மூன்றாவது வடிவத்திலேயே நிற்கும்.

ஆகவே வடிவப் பிழை இரண்டு இடத்தில்தான் நேர முடியும். ஒன்று, ‘பீ’ விழுந்துபோகும். மற்றது, மூன்றாவது வடிவம் பிழைக்கும்: ‘வில் பீ சென்ட்’ என்பதில் ‘டி’யில் முடியும் முதல் வடிவத்தையே எழுதிவிடுவது, ‘வொஸ் டேக்கன்’ என்பதற்கு ‘வொஸ் டுக்’ என்றும் ‘வொஸ் கிவன்’ என்பதற்கு ‘வொஸ் கேவ்’ என்றும் எழுதுவது. நம் வாய்க்குச் சொல்லின் கடைசியில் வரும் ‘ட’கர ஒலி தெளிவாக வராது. வாயில் விழுங்கப்படும் ஒலி எழுத்திலும் விழுந்துவிடுகிறது. அலுவலகக் கடிதத்தில் அடிக்கடி வரும் ஒழுங்கற்ற வினைகள் ஒரு தாளில் அடங்கும்: அனுப்பு, கொடு, எடு, எழுது, தெரிவுசெய், கட்டு, வாங்கு, வில், கற்பி, செலுத்து, நடத்து. இவற்றின் மூன்றாவது வடிவத்தை எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். வழக்கமான ‘ஈடி’ வினைகளை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திகதி பற்றி ஒரு சொல். ‘ஹேஸ் பீன்’ வரும் வசனத்தில் முடிந்துபோன திகதி வரக்கூடாது. 2023இல் நியமிக்கப்பட்டேன் என்றால் ‘ஐ வொஸ் அப்பொயின்டட் இன் 2023’. திகதி சொல்லாமல், இன்றைய நிலையைச் சொல்வதானால் மட்டும் ‘ஐ ஹேவ் பீன் அப்பொயின்டட்’. சுயவிபரக்கோவையில் திகதிகள் நிறைய வரும். ஆகவே அங்கே ‘வொஸ்’ஸே பெரும்பாலும் பொருந்தும்.

படு ஏற்காத வினைகள்

பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. ‘ஆன் அக்சிடன்ட் வொஸ் ஹெப்பன்ட்’, ‘த பேஷன்ட் வொஸ் டைட்’, ‘த குட்ஸ் வேர் அரைவ்ட்’, ‘த கமிட்டி இஸ் கன்சிஸ்டட் ஒஃப் ஃபைவ் மெம்பர்ஸ்’, ‘த லேண்ட் இஸ் பிலோங்ட் டு’. எல்லாமே பிழை. எழுதியவருக்கு விதி தெரியாததால் வந்தவை அல்ல இவை. உத்தியோக ஆங்கிலம் என்றால் ‘வொஸ்’ஸும் ‘ஈடி’யும் இருக்க வேண்டும் என்ற நினைப்பில் தேவையில்லாத இடத்திலும் சேர்க்கிறார்கள்.

இதற்குச் சோதனை சுலபம். அந்த வினையைத் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘படு’வை ஒட்டுங்கள். விபத்து நிகழப்பட்டது என்று சொல்வீர்களா? நோயாளி இறக்கப்பட்டார்? பொருள்கள் வந்துசேரப்பட்டன? காணி எனக்குச் சொந்தமாயிருக்கப்படுகிறது? காது ஏற்காது. தமிழ் ஏற்காத இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலமும் ஏற்காது. ‘ஹெப்பன்ட்’, ‘டைட்’, ‘அரைவ்ட்’, ‘கன்சிஸ்ட்ஸ்’, ‘பிலோங்ஸ்’ என்று தனியே விட்டுவிடுங்கள். பரிசோதிக்கப்பட்டது, வழங்கப்பட்டது, அளக்கப்பட்டது என்று இயல்பாக வருமானால் துணிந்து ‘வொஸ்’ போடுங்கள்.

இதே சோதனை எதிர்ப்பக்கத்திலும் உதவும். ‘த மீட்டிங் ஹெல்ட் ஆன் மன்டே’ என்று கூட்டக் குறிப்பில் எழுதுகிறோம். ஏன் அப்படி வருகிறது? திங்கட்கிழமை கூட்டம் நடந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். ‘நட’ என்பது தன்வினை. அதற்குப் ‘படு’ தேவையில்லை. ஆங்கிலத்தின் ‘ஹோல்ட்’ அப்படியல்ல. அதற்குச் சரியான இணை ‘நடத்து’. கூட்டம் தானாக நடத்தாது, நடத்தப்படும், ‘வொஸ் ஹெல்ட்’. நட–நடத்து, மாறு–மாற்று, உடைதல்–உடைத்தல், சேர்தல்–சேர்த்தல் என்று தமிழில் தன்வினையும் பிறவினையும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கின்றன. அதனால் செய்தவரைச் சொல்லாமல் பேச நமக்குப் ‘படு’ அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. பேச்சில் அது அநேகமாக வருவதே இல்லை. காசு குடுத்தாச்சு, நெல்லு அடிச்சாச்சு, கடிதம் போட்டாச்சு என்போம். யார் என்ற கேள்வியே எழாது. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணையே மெழுகிற்று என்று சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் ஏற்றுக்கொண்டிருப்பதாக உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். நம் மொழியின் பழைய வசதி அது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி சில வினைகளில் மட்டுமே உண்டு.

சோதனைக்கு விதிவிலக்குகளும் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது. பிறந்தேன் என்பதற்கு நமக்குப் ‘படு’ வேண்டாம், ஆங்கிலத்துக்கு ‘வொஸ்’ வேண்டும்: ‘ஐ வொஸ் போர்ன் இன் சித்தாண்டி.’ ஊர் அமைந்துள்ளது என்பதும் அப்படியே: ‘சித்தாண்டி இஸ் சிச்சுவேட்டட்’ அல்லது ‘இஸ் லொகேட்டட்.’ விண்ணப்பத்தின் முதல் பந்தியிலேயே வரக்கூடிய இரண்டு வசனங்கள் என்பதால் இவற்றில் பிழை விட்டால் அது கண்ணில் குத்தும்.

‘ஐ ஆம் இன்டரெஸ்டிங் இன் திஸ் போஸ்ட்’ என்பதும் இந்தக் குடும்பத்துப் பிழைதான். ஆர்வம் ஊட்டுவது ‘இன்டரெஸ்டிங்’. ஆர்வம் ஊட்டப்பட்டவர் ‘இன்டரெஸ்டட்’. விண்ணப்பதாரர் இரண்டாவது வகை.

ஆளா, பொருளா?

உலருணவு விநியோகம் பற்றிய அறிக்கைகளில் ‘ஃபோர்ட்டி ஃபெமிலீஸ் வேர் டிஸ்ரிபியூட்டட் ட்ரை ரேஷன்ஸ்’ என்ற மாதிரி வசனங்கள் சாதாரணம். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் மாவட்டத்துக்கு நிறுவனங்கள் வந்து குவிந்தபோது இந்த நடையும் பரவியது, இன்னும் போகவில்லை. ‘டிஸ்ரிபியூட்’ என்ற வினைக்குப் பொருள்தான் எழுவாயாகும்: ‘ட்ரை ரேஷன்ஸ் வேர் டிஸ்ரிபியூட்டட் டு ஃபோர்ட்டி ஃபெமிலீஸ்.’ குடும்பங்களை முதலில் வைக்க வேண்டுமென்றால் வினையை மாற்றுங்கள்: ‘ஃபோர்ட்டி ஃபெமிலீஸ் வேர் கிவன் ட்ரை ரேஷன்ஸ்’ அல்லது ‘வேர் ப்ரொவைடட் வித் ட்ரை ரேஷன்ஸ்.’

எந்த வினை ஆளை ஏற்கும், எந்த வினை ஏற்காது என்பது தமிழனுக்கு உள்ளுணர்வாக வராது. எனக்குச் சம்பளம் வழங்கப்பட்டது, எனக்கு விளக்கப்பட்டது, எனக்குச் சொல்லப்பட்டது என்று ஆளை எப்போதும் ‘கு’ உருபோடுதான் வைக்கிறோம், எழுவாயாக்குவதில்லை. ஆங்கிலம் சில வினைகளில் அந்த ஆளையே எழுவாயாக்கும். கொடு, செலுத்து, காட்டு, கற்பி, கேள் ஆகியவை ஆளை ஏற்பவை. ‘ஐ வொஸ் பெய்ட்’, ‘வீ வேர் ஷோன்’, ‘ஷீ வொஸ் ஆஸ்க்ட்’ எல்லாம் சரி. ‘எக்ஸ்பிளெய்ன்’, ‘சஜெஸ்ட்’, ‘டிஸ்கிரைப்’, ‘அனௌன்ஸ்’, ‘மென்ஷன்’, ‘சே’ ஆளை ஏற்காதவை. ‘ஐ வொஸ் எக்ஸ்பிளெய்ன்ட் மை டியூட்டீஸ்’ என்பது பிழை. ‘மை டியூட்டீஸ் வேர் எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ’ என்பதே சரி. ‘ஐ வொஸ் டோல்ட்’ சரி, ‘ஐ வொஸ் செட்’ பிழை.

அலுவலகத்தில் அதிகம் அடிபடும் வினை ‘இன்ஃபோர்ம்’. தமிழில் செய்தி அறிவிக்கப்படும். ஆகவே ‘இட் வொஸ் இன்ஃபோர்ம்ட் தட்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அறிவிக்கப்படுவது ஆள்தான், செய்தி அல்ல: ‘த கமிட்டி வொஸ் இன்ஃபோர்ம்ட் தட்’, ‘யூ ஆர் ஹியர்பை இன்ஃபோர்ம்ட் தட்’. ஆளைச் சொல்ல விருப்பமில்லையென்றால் ‘இட் வொஸ் அனௌன்ஸ்ட் தட்’, ‘இட் வொஸ் ரிப்போர்ட்டட் தட்’, ‘இட் வொஸ் டிசைடட் தட்’ என்று எழுதலாம். இந்த ஒரு வினையைத் திருத்திக்கொண்டாலே கூட்டக் குறிப்புகளின் தரம் உயரும்.

‘ஆல்’ உருபிலும் ஒரு கவனம் வேண்டும். வாய்க்கால் விவசாயிகளால் வெட்டப்பட்டது என்றாலும் மண்வெட்டியால் வெட்டப்பட்டது என்றாலும் நமக்கு ஒரே உருபு. ஆங்கிலத்தில் முன்னது ‘பை’, பின்னது ‘வித்’.

ஆய்வேட்டில்

வந்தாறுமூலையில் படிக்கும் மாணவர்கள் கேட்கும் கேள்வி வேறு. ஒரு விரிவுரையாளர் செயப்பாட்டு வினையில் எழுதச் சொல்கிறார், இணையத்தில் வாசித்தால் செய்வினையில் எழுதச் சொல்கிறார்கள், கணினியோ அடிக்கோடு போட்டு மாற்றச் சொல்கிறது. எதைக் கேட்பது?

செய்வினையை வலியுறுத்தும் அறிவுரை பழையது. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலிலேயே அது உண்டு. 1946இல் ஜோர்ஜ் ஒர்வெல் தன் புகழ்பெற்ற கட்டுரையில் அதை இன்னும் கறாராகச் சொன்னார். அந்தக் கட்டுரையிலேயே அவர் செயப்பாட்டு வினையைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார். அதில் குற்றம் எதுவும் இல்லை, அந்த இடங்களுக்கு அதுவே தேவைப்பட்டது. விஞ்ஞான எழுத்திலும் ஒரே வழக்கு என்று கிடையாது. 1953இல் வொட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பை அறிவித்த கட்டுரை ‘நாங்கள்’ என்றுதான் தொடங்குகிறது.

என் நிலைப்பாடு இது. ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் செயப்பாட்டு வினை தாராளமாக வரட்டும். மண் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, உலர்த்தப்பட்டன, சலிக்கப்பட்டன: ‘சொயில் சேம்பிள்ஸ் வேர் கலெக்டட், ட்ரைட் அன்ட் சீவ்ட்.’ சேகரித்தவர் நீங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசகர் பார்க்க விரும்புவது மண்ணுக்கு என்ன நடந்தது என்பதை. ஆய்வு முடிவையும் வாதத்தையும் சொல்லும் பகுதியில் ‘இட் இஸ் பிலீவ்ட் தட்’, ‘இட் வொஸ் ஃபெல்ட் தட்’ என்று ஒளிய வேண்டாம். நம்பியவர் யார்? நீங்களா, முன்னைய ஆய்வாளரா? அதைச் சொல்லாவிட்டால் வாதத்துக்கே உரிமையாளர் இல்லை. கணினி போடும் அடிக்கோட்டைக் கண்டு பயப்படவும் வேண்டாம். மைக்ரோசொப்ட் வேர்டும் கிராமர்லியும் செயப்பாட்டு வினையைக் கண்டதும் கோடு போடக்கூடும். அந்த இடத்தில் அது தேவையா என்று அவற்றால் தீர்மானிக்க முடியாது. நீங்கள் தீர்மானிக்க முடியும்.

பந்தி ஓட்டத்துக்கும் இந்த வினை உதவுகிறது. ஒரு பயனாளியின் கதையை எழுதுகிறீர்கள். அந்தத் தாயைப் பற்றிய பந்தி என்றால் ஒவ்வொரு வசனமும் அவரிலேயே தொடங்கட்டும்: அவர் இடம்பெயர்ந்தார், முகாமில் பதிவுசெய்யப்பட்டார், காணி வழங்கப்பட்டார், தையல் பயிற்சிக்குத் தெரிவுசெய்யப்பட்டார். இதில் ‘காணி வழங்கப்பட்டார்’ தமிழில் இடிக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷீ வொஸ் கிவன் லேண்ட்’ என்பது மிக இயல்பு. ஒரு வசனம் அவரில் தொடங்கி, அடுத்தது பிரதேச செயலகத்தில் தொடங்கி, மூன்றாவது நிறுவனத்தில் தொடங்கினால் வாசகர் மூன்று பக்கமும் திரும்ப வேண்டியிருக்கும். அந்தத் தாய் நடுவில் காணாமற்போவார். செயப்பாட்டு வினையின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பேன். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

யார் என்று சொல்லியே ஆகவேண்டிய இடம்

இலக்கணம் சரியாகிவிட்ட பிறகும் ஒரு பெரிய கேள்வி மிச்சம் இருக்கிறது. செய்தவரை மறைக்கலாமா?

நம் ஊரில் இருந்தே பார்ப்போம். மார்கழி மழையில் வாவி நிரம்பி, சந்தனமடு ஆறு பெருகி, வயலும் வளவும் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்ற பேச்சு எழும். இதை அறிக்கையில் எழுதும்போது ‘த பார் மௌத் ஓபன்ட்’ என்றால் நீர் தானாக உடைத்துக்கொண்டு போனது என்று பொருள். ‘த பார் மௌத் வொஸ் ஓபன்ட்’ என்றால் யாரோ வெட்டித் திறந்தார்கள். ஒரு ‘வொஸ்’ இருப்பதும் இல்லாததும் இயற்கைக்கும் மனிதத் தீர்மானத்துக்கும் இடையிலான வித்தியாசம். அதற்கு மேலும் ஒரு படி உண்டு: யாருடைய உத்தரவின் பேரில், எத்தனை மணிக்கு? பிந்தி வெட்டியதால் பயிர் அழிந்தது என்று விவசாயி முறையிட்டால், அந்த விபரமே அவருக்கு ஆதாரம்.

‘ஓபன்’ போலவே ‘க்ளோஸ்’, ‘சேஞ்ச்’, ‘இன்க்ரீஸ்’, ‘டிக்ரீஸ்’, ‘ப்ரேக்’, ‘ஸ்டொப்’ ஆகிய வினைகளும் இரண்டு விதமாகவும் வரும். நெல் விலை ‘டிக்ரீஸ்ட்’ என்றால் சந்தையில் விழுந்தது. ‘வொஸ் டிக்ரீஸ்ட்’ என்றால் ஒருவர் குறைத்தார். படகுச் சேவை ‘ஸ்டொப்ட்’ என்றால் நின்றது. ‘வொஸ் ஸ்டொப்ட்’ என்றால் நிறுத்தப்பட்டது. கள அறிக்கை எழுதுபவர் இந்த வினைகளில் ஒவ்வொரு தடவையும் நின்று யோசித்தே எழுத வேண்டும்.

மறைப்பதற்காகவே இந்த வினையைப் பயன்படுத்துபவர்கள் உலகெங்கும் உண்டு. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெளியானபோது, 1987 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரேகன் தன் ஆண்டுரையில் பாரதூரமான தவறுகள் இழைக்கப்பட்டன என்றார். இழைத்தவர் யார் என்பது வசனத்தில் இல்லை. நம் அலுவலகங்களிலும் ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘தாமதம் ஏற்பட்டது’, ‘கவனிக்கப்படவில்லை’ என்ற வசனங்களுக்குப் பஞ்சமில்லை. அரச நிறுவனம் ஒன்றிலிருந்து அப்படியொரு பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தீர்மானித்தது யார், எந்தத் திகதியில், எந்த ஆவணத்தின்படி என்று கேட்க உங்களுக்கு வழி தந்திருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

இந்தப் பிரதேசத்தில் வினை வடிவம் ஒன்றுக்கு உயிரின் கனம் உண்டு என்பதை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. இப்படிப்பட்டவர்களைக் ‘காணாமற்போனோர்’ என்று எழுதுவதை உறவுகள் மறுக்கிறார்கள். போனவர்கள் அல்ல, ஆக்கப்பட்டவர்கள். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றே இருக்கிறது; 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமோ வலிந்து காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றம் என்கிறது. ஆங்கிலத்தில் ‘டிஸப்பியர்’ தன்வினை; பழைய இலக்கணப்படி அதற்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. ஆனாலும் மனித உரிமை ஆவணங்களில் ‘வொஸ் டிஸப்பியர்ட்’, ‘வொஸ் ஃபோர்சிபிளி டிஸப்பியர்ட்’ என்பவை இன்று ஏற்கப்பட்ட வழக்கு. ஒரு தாய்க்காக ஜெனீவாவுக்கோ ஆணைக்குழுவுக்கோ ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொடுக்கும் பிள்ளை ‘வென்ட் மிஸ்ஸிங்’ என்று எழுதினால் மகன் தானாகப் போனதாகிவிடும். ‘வொஸ் டேக்கன்’ என்று எழுத வேண்டும். யாரால், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்பவை தெரிந்தால் அதே வசனத்தில் வர வேண்டும். ‘பை’க்குப் பிறகு வரும் சொல்லைப் பயத்தினால் விடுவது வேறு, ஆங்கிலம் தெரியாமல் விடுவது வேறு. இரண்டாவது காரணத்தால் எவருடைய சாட்சியமும் மெலிந்துபோகக் கூடாது.

நாளைக்கே தொடங்குவதற்கு

நீங்கள் கடைசியாக எழுதிய ஆங்கிலக் கடிதத்தையோ அறிக்கையையோ எடுங்கள். வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொரு வினையின் முன்னும் யார் என்று கேளுங்கள். செய்தவர் எழுவாயாக இருந்தால் ‘பீ’ வேண்டாம். செய்யப்பட்டவர் எழுவாயாக இருந்தால் ‘பீ’யும் மூன்றாவது வடிவமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் தமிழில் ‘படு’ ஒட்டிப் பாருங்கள். பிறகு கடைசிக் கேள்வி: செய்தவரைச் சொல்லாமல் விட்டதால் வாசிப்பவருக்கு எதுவும் குறைகிறதா? குறைந்தால் பெயரையோ பதவியையோ எழுதிவிடுங்கள்.

வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் அருகருகே வைத்து ஒரே அறிவித்தலை வாசிப்பது இன்னொரு நல்ல பயிற்சி. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிழமைக்கு ஒரு அறிவித்தல் போதும். ‘படு’ வரும் இடத்தையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துப் படிக்கும் பல வகுப்புகளை விட இது பயன் தரும்.

அலுவலகங்களில் மூத்தவர்களாக இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை எழுதித் தரும் ஆங்கில வரைவை நேரமில்லை என்று நீங்களே முழுவதுமாக மாற்றி எழுதி அனுப்பிவிடாதீர்கள். பிழைத்த வினையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, இதில் யார் செய்தது என்று கேட்டுத் திருத்தவிடுங்கள். அடுத்த அறிக்கையை அந்தப் பிள்ளைதான் எழுதப்போகிறது.